மணிக்கழுத்து எருமை

எங்காரே தேசியப் பூங்காவுக்கு வேலி கிடையாது. வெள்ளையடித்த கற்கள்தான் எல்லை. புல்வெளி நடுவே முழங்கால் உயரத்துக்கு, ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் பர்முவாத்தின் மாட்டுப் பட்டியும் குடிசைகளும். அந்தப் பக்கம், உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற காடு. இரண்டு பக்கமும் ஒரே புல், ஒரே புழுதி, ஒரே உண்ணி. அப்படியானால் என்ன வித்தியாசம் என்று கேட்டால் வார்டன் மாதெங்கே அரை மணி நேரம் பேசுவார்.

பர்முவாத் ஒருமுறை கேட்டுத் தொலைத்தார். போன மழைக்காலத்தில் யானைகள் கல்லைத் தாண்டி வந்து, அவர் மனைவி நாசியேகு போட்டிருந்த மக்காச்சோளத்தை மிதித்துத் துவைத்து, தண்ணீர்த் தொட்டியைப் புரட்டிப் போட்டு, போகிற போக்கில் கோழிக்கூண்டையும் தட்டையாக்கிவிட்டுப் போயின. நியாயம் கேட்கப் பூங்கா அலுவலகத்துக்குப் போனவரை வார்டன் உட்காரச் சொன்னார். உட்கார நாற்காலி இல்லை. ஆனாலும் சொன்னார்.

"பெரியவரே, யானை கல்லுக்கு உள்ள இருக்கிற வரைக்கும்தான் எங்க யானை. வெளிய வந்துட்டா அது சுதந்திரமான விலங்கு. அது பண்றதுக்கெல்லாம் அலுவலகம் பொறுப்பில்ல. விலங்குன்னா முட்டும், மிதிக்கும். ஏன் மிதிச்சேன்னு அதைக் கேள்வி கேக்க இந்த நாட்டுல யாருக்கும் அதிகாரம் கிடையாது. அவ்வளவு ஏன், எனக்கே கிடையாது."

தனக்கும் அதிகாரம் இல்லை என்று சொல்லும்போது வார்டனின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. பர்முவாத் வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சை வரி விடாமல் நாசியேகுவிடம் ஒப்பித்தார். "கோழிக்கூண்டு?" என்று மட்டும் அவள் கேட்டாள். கோழிக்கூண்டைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்றார். அவள் நசுங்கிய கூண்டை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள்.

இந்த வருஷம் மழை பொய்த்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் புல் தீர்ந்து, மாடுகள் மண்ணை முகர்ந்துகொண்டு திரிந்தன. அப்படியொரு மத்தியானம் பர்முவாத் மரநிழலில் பக்கத்துப் பட்டிக்காரருடன் காய் விளையாட்டில் மும்முரமாக இருந்தபோது, காட்டெருமைக் கூட்டம் ஒன்று எல்லையோரமாகப் போனது. கெரி என்கிற பசு அதன் பின்னாலேயே நடந்து கல்லைத் தாண்டிவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகப் பூத்த உடம்பு, கழுத்தில் மணி, நிறைசினை. பர்முவாத்தின் மந்தையில் அதுதான் நல்ல கறவை. அதைவிட முக்கியம், அது நாசியேகுவின் மாடு. கல்யாணமாகி வந்தபோது அவளுக்கென்று ஒதுக்கிய பசுவின் வழி வந்தது. பர்முவாத் அதை மேய்க்கலாம், அடிக்கலாம், அதைப் பற்றிப் பீற்றிக்கொள்ளலாம். தொலைக்க மட்டும் உரிமை இல்லை.

தொலைத்த நேரமும் சரியில்லை. மகள் சிலாந்தோய் பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பச்சை உடம்புக்காரிக்குப் பால் வேண்டும். வீட்டில் மற்ற மாடெல்லாம் வற்றிக் கிடக்க, கெரி ஈன்றுவிடும், ஈன்றுவிடும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். பிள்ளை பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் பாலில்லாத தேநீரைக் கையில் வாங்கி, குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நாசியேகுவின் முகத்தையும் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு அவள் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"சிலாந்தோய் அப்பா, நீங்க காய் விளையாடி ஜெயிச்சீங்களா?" என்று ராத்திரி கேட்டாள்.

"பாதியில நின்னு போச்சு."

"அதையாவது ஜெயிச்சிருக்கலாம்."

விடிந்ததும் பர்முவாத் பூங்காவின் வாசலுக்குப் போய் நின்றார். எல்லைக் கல்லைத் தாண்டி ஒரே எட்டில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் போன வருஷம் அப்படிப் போன ஒருவனை அலுவலகத்துக்காரர்கள் வேட்டைக்காரன் என்று பிடித்துக்கொண்டு போய், அவன் கையிலிருந்த பல்குச்சியை ஆயுதம் என்று எழுதி வைத்தார்கள். பர்முவாத் ஒழுங்கான வழியில் போவது என்று முடிவு செய்தார். அவருடைய எல்லாக் கஷ்டமும் அங்கேதான் ஆரம்பித்தது.

"என் மாடு உள்ள போயிடுச்சு தம்பி. ஓட்டிக்கிட்டு வந்துடறேன்" என்றார் வாசல் காவலரிடம்.

"வண்டி எங்க?"

"எதுக்கு வண்டி? அதோ, அந்த முள்மரத்துக்குப் பக்கத்துலதான் நிக்குது. இங்கேர்ந்தே தெரியுது பாரு."

"பூங்காவுக்குள்ள வண்டி இல்லாம யாரும் கால் வைக்கக் கூடாது."

"என் மாடு நடந்துதானே போச்சு?"

"இந்த வாசல் வழியா வந்துச்சா? வந்திருந்தா அதையும் நிறுத்தியிருப்பேன்" என்றார் காவலர். கடமையில் குறை சொல்லிவிட்டார்களே என்கிற வருத்தம் அவர் குரலில் இருந்தது. வார்டனைப் பார்க்கச் சொன்னார்.

வார்டன் மாதெங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பால் தூக்கலாக, மேலே ஆடை மிதக்கிற தேநீர். பர்முவாத்தின் கண் அதைவிட்டு நகரவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு வார்டன் சிரித்தார்.

"பெரியவரே, பூங்காவுக்குள்ள வீட்டு விலங்கு இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதனாலதான் ஓட்டிக்கிட்டுப் போறேங்கிறேன்."

"இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சட்டத்தை நாங்க ஒழுங்கா அமல்படுத்தறோம். அப்போ உள்ள மாடு இருக்குமா? இருக்காது. இல்லாத மாட்டை எப்படி ஓட்டிக்கிட்டுப் போவீங்க?"

"சார், உங்க ஜன்னல் வழியா பாத்தாலே தெரியுது."

வார்டன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "நான் பாத்தா அதிகாரப்பூர்வமா பாத்த மாதிரி ஆயிடும்" என்று சொல்லி, திரைச்சீலையை இழுத்துவிட்டார். பேச்சு முடிந்துவிட்டது என்று பர்முவாத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து கெரியின் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த அளவில் நின்றிருந்தால்கூடப் பர்முவாத் யார் காலிலாவது விழுந்து ஏதோ ஒரு வழி பண்ணியிருப்பார். ஆனால் அந்த வாரம் ஒரு வெளிநாட்டுப் பயணி, சூரியன் உதிக்கிற நேரத்தில், புழுதிக்கு நடுவே காட்டெருமைக் கூட்டத்தைப் படம் எடுத்தார். கூட்டத்தின் மத்தியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று. கழுத்தில் ஏதோ தொங்குகிறது. இது என்ன விலங்கு என்று கேட்டுப் படத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டார். உலகமும் அதையே திரும்ப அலுவலகத்தைக் கேட்டது. மாடு என்று சொன்னால், பூங்காவுக்குள் மாடு எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும். வார்டன் ஒரு ராத்திரி யோசித்தார். காலையில், இதுவரை யாரும் அறியாத புதிய இனம் ஒன்று எங்காரேயில் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாக அறிவித்தார். பெயர்: மணிக்கழுத்து எருமை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாசலில் கெரியின் படம் போட்ட பெரிய பலகை எழுந்தது. ஓவியர் இன்னும் கொஞ்சம் கம்பீரம் இருக்கட்டும் என்று கொம்பை நீட்டி, மடியை அழித்துவிட்டார். விடுதிகளில் மணிக்கழுத்து காக்டெயில் வந்தது. சிங்கம் நெருங்காமலிருக்க இரவும் பகலும் ஒரு காவல் வண்டி கெரியின் பின்னாலேயே போனது. காவலர்கள் யாரும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. விதி அப்படி. அந்தப் பூங்காவில் எல்லோருமே எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்துதான் பார்த்தார்கள். இறங்கிப் பக்கத்தில் போய் ஒருதரம் சாணியை முகர்ந்து பார்த்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

பலகையைத் திறந்து வைக்க விழா வைத்தார்கள். விழா என்றால் ஆட்டம் வேண்டும். ஆட்டம் என்றால் பர்முவாத்தின் ஊர்க்காரர்கள்தான். கறுப்புத் தேநீரைக் குடித்துவிட்டு, சிவப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கோலை ஊன்றி பர்முவாத் தன் மாட்டின் படத்துக்கு முன்னால் எகிறிக் குதித்தார். ஒவ்வொரு குதிக்கும் பலகைக்கு மேலாக, தூரத்தில் நிஜக் கெரி மேய்வது தெரிந்து தெரிந்து மறைந்தது. அதனால் அன்றைக்கு அவர்தான் எல்லோரையும்விட உயரமாகக் குதித்தார். பயணிகள் கை தட்டினார்கள்.

வார்டன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அன்பர்களே, சிலர் கேக்கறாங்க. இவ்வளவு பெரிய விலங்கு இத்தனை காலம் எப்படி உங்க கண்ணுல படாம இருந்துச்சுன்னு. பெருமையோட சொல்றேன். நாங்க இந்தப் பூங்காவைப் பாக்கவே இல்ல! பாத்தா தொந்தரவு. நான் பதவிக்கு வந்ததுலேர்ந்து ஒரு விலங்கைக்கூடப் போய்த் தொந்தரவு பண்ணினதில்ல. அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததே குறைச்சல். அந்தத் தியாகத்துக்குக் கிடைச்ச பலன்தான் இது."

பர்முவாத்தின் பக்கத்தில் நின்ற கியோகோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். கியோகோ ஒரு விடுதியின் வண்டி ஓட்டுகிறவன். ஊர் கிழக்கே, காம்பா இனத்துக்காரன். பத்து வருஷமாக இதே புழுதியில் பயணிகளைச் சுற்றிக் காட்டுகிறான். சிங்கத்தைப் பார்த்தால்கூட அவனுக்கு இப்போது கொட்டாவிதான் வரும்.

"பெரியவரே, அது உம்ம மாடுதானே?" என்று காதோடு கேட்டான்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"போன வருஷம் உம்ம வீட்டுல அதோட பாலைத்தான்யா குடிச்சேன்."

பர்முவாத் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளில் அதை மாடு என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள். "ஒருதரம் கிட்டப் போய்ப் பாக்கணும்டா. ஈனுற நேரம்" என்றார்.

"நாளைக்குக் காலைல வாரும். விலங்கு எங்கே நிக்குதுன்னு காட்டுற ஆளுன்னு சொல்லி முன்சீட்டுல ஏத்திக்கறேன். ஆனா வாயைத் திறக்கக் கூடாது, எழுந்து நிக்கக் கூடாது, முக்கியமா இறங்கவே கூடாது. என் வேலை போயிடும்."

அப்படித்தான் பர்முவாத், பிறந்ததிலிருந்து தன் வீட்டு வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த காட்டுக்குள், முதல்முறையாகச் சுற்றுலாப் போனார். பின்சீட்டில் ஹாலந்திலிருந்து வந்த வயதான தம்பதி. அந்த அம்மா கூரைத் திறப்பு வழியாக எழுந்து நின்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே வந்தாள். வரிக்குதிரைகளைத் தாண்டினார்கள், ஒட்டகச்சிவிங்கிகளைத் தாண்டினார்கள். சிறுத்தைக்குக்கூட யாரும் நிற்கவில்லை. எல்லா வண்டியின் ரேடியோவும் ஒரே பேச்சு. மணிக்கழுத்து ஓடையோரம் நிற்கிறது, சீக்கிரம் வா.

ஓடையோரம் சந்தை மாதிரி இருந்தது. முன்னால் போய் நிற்க வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ஒருத்தன் இன்னொருத்தனின் அம்மாவைப் பற்றி விசாரித்தான். புழுதி அடங்கியபோது பர்முவாத் பார்த்தார். கெரி நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஈரம் காயாத கன்று. அன்றைக்கு விடியலில்தான் ஈன்றிருக்க வேண்டும். பர்முவாத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதோடு கோபமும் வந்தது, ஏனென்றால் கன்று பக்கத்துப் பட்டிக்காரரின் காளை ஜாடையில் இருந்தது. அதே செம்மண் நிறம், அதே கோணல் நெற்றிச் சுழி. அந்தக் காளை வேலி தாண்டியதே இல்லை என்று காய் விளையாட்டின்போதெல்லாம் அந்த மனுஷர் சத்தியம் செய்வார்.

பின்னாலிருந்து ஹாலந்து அம்மா கியோகோவிடம் என்னவோ சொன்னாள். கியோகோ தலையைச் சொறிந்தான்.

"என்னடா சொல்லுது?"

"இது மாடுங்குது. அவங்க அப்பா பால் பண்ணை வச்சிருந்தாராம். மடியைப் பாத்தா தெரியாதாங்குது."

பர்முவாத் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்பதை மறந்து, நாக்கை மடித்து, தினமும் சாயங்காலம் அடிக்கிற சீட்டியை அடித்துவிட்டார்.

கெரி தலையைத் தூக்கினாள். மணி கணகணக்க, வண்டிகளுக்கு நடுவே புகுந்து நேராக வந்து, முன்ஜன்னல் வழியாக முகத்தை உள்ளே விட்டு, பர்முவாத்தின் கழுத்தை முகர்ந்து பார்த்து நக்கினாள். கன்று பின்னாலேயே ஓடி வந்து டயரை முட்டியது. சுற்றியிருந்த வண்டிகளிலிருந்து கேமராச் சத்தம் சோளம் பொரிகிற மாதிரி கேட்டது. ஹாலந்து அம்மா கெரியின் நெற்றியைச் சொறிந்துவிட்டு, கணவரைப் பார்த்து, நான் சொன்னேனா இல்லையா என்கிற முகத்தைக் காட்டினாள்.

காவல் வண்டி ஒலிபெருக்கியில் அலறியது. "மணிக்கழுத்து தாக்குகிறது! யாரும் இறங்காதீர்கள்!"

மத்தியானம் எல்லோரும் வார்டன் முன்னால் நின்றார்கள். ஹாலந்து அம்மாவும் விடாமல் கூடவே வந்துவிட்டாள்.

"வனவிலங்கைச் சீட்டியடித்துக் கூப்பிட்டது குற்றம்" என்றார் வார்டன்.

"அது என் மாடு சார். காதைப் பாருங்க. ரெண்டு காதுலயும் எங்க குடும்பத்து வெட்டு இருக்கு. எங்க மந்தைல எல்லா மாட்டுக்கும் அதே வெட்டுதான்."

"இனத்தோட அடையாளம் அது. பலகைல எழுதியிருக்கோம், பாக்கலையா? பின்காதில் முக்கோணப் பள்ளம்."

"கழுத்து மணி? டவுன் சந்தைல நான் வாங்கினது சார்!"

"மணி இல்லாம மணிக்கழுத்து எருமை எப்படி இருக்கும்?" என்றார் வார்டன், பொறுமை எல்லை மீறியவராக.

ஹாலந்து அம்மா கியோகோ மூலமாகக் கேட்டாள். "அப்படின்னா கன்னுக்குட்டிக்கு ஏன் மணி இல்ல?"

வார்டன் தேநீரை ஒரு வாய் குடித்தார். "வயசுக்கு வந்தா முளைக்கும்" என்றார்.

கியோகோ மறுபடியும் இருமினான். வார்டன் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, கையைக் கூப்பாத குறையாகப் பணிவோடு பேசினார். "அம்மா, நீங்க இவ்வளவு தூரம் செலவு பண்ணி வந்தது மாட்டைப் பாக்கவா? உங்க ஊர்ல இல்லாத மாடா? உங்களை மாடு காட்டி அனுப்பினா எங்க நாட்டுக்கு என்ன மரியாதை? அதனால நீங்க பாத்தது எருமைதான். இதை நாங்க உங்களுக்காகத்தான் செய்யறோம்."

பர்முவாத்துக்குத் தண்டனை எழுதினார்கள். இனிமேல் அவர் பூங்காவுக்குள் கேட்கிற தூரத்தில் எங்கேயும் சீட்டியடிக்கக் கூடாது. அவர் வீடே அந்தத் தூரத்துக்குள்தான் இருந்தது. அதை எடுத்துச் சொன்னபோது, அப்படியானால் வீட்டில் சீட்டியடிக்க வேண்டாம் என்று விளக்கம் கொடுத்தார்கள். அதன்படி அவருடைய மற்ற மாடுகளும் அன்று சாயங்காலம் பட்டிக்கு வரத் தெரியாமல் நின்றன.

நாசியேகு எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே சிலாந்தோயின் குழந்தை அழுதுகொண்டிருந்தது. கெரிக்குக் கன்று பிறந்துவிட்டது, மடி நிறையப் பால், ஆனால் அந்தப் பாலுக்கு உரிய வீட்டில் பச்சைப்பிள்ளைக்காரி கறுப்புத் தேநீரைக் குடித்துக்கொண்டு கிடக்கிறாள். நினைக்க நினைக்க நாசியேகுவுக்கு நெஞ்சு எரிந்தது.

"அந்தப் பால் சும்மா மண்ணுலயா சொட்டுது?" என்றாள்.

"கன்னு குடிச்சது போக மீதி மண்ணுலதான்."

"உங்களைச் சீட்டியடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. என்னைப் பாடக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

பர்முவாத் நன்றாக யோசித்தார். "இல்ல" என்றார்.

நாசியேகு சுரைக்குடுவையைக் கழுவி, பால் கெடாமலிருக்கப் புகை காட்டி எடுத்துக்கொண்டாள். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம், கால்விரல்கூட அந்தப் பக்கம் படாமல், சரியாக நின்றாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மடியில் கை வைக்கும்போது பாடுகிற கறவைப் பாட்டை எடுத்தாள். கெரியின் பெயர், கெரியின் தாய் பெயர், அதன் தாய் பெயர், அவை குடித்த தண்ணீர்த் துறைகளின் பெயர் என்று அது நீண்டு போகும். இரண்டாவது தாய்க்கு வரும்போதே தூரத்தில் மணிச்சத்தம் கேட்டது.

கெரி கன்றோடு வந்தாள். காவல் வண்டியில் இருந்தவர்கள் பதறினார்கள். ஆனால் விலங்கின் வழியை மறிக்கக் கூடாது என்பது பூங்காவின் முதல் விதி. ஆகவே அவர்கள் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ஒதுங்கி, கெரிக்கு மரியாதையாக வழி விட்டார்கள். கெரி கல்லைத் தாண்டினாள். பட்டிக்குள் போய், எப்போதும் படுக்கிற மூலையில், ஒரு நாளும் வெளியே போகாதவள் மாதிரி படுத்துக்கொண்டாள்.

முதலில் கறந்த சீம்பாலைக் கன்றுக்கே விட்டுவிட்டாள் நாசியேகு. அடுத்தடுத்த நாள் பால் தெளிந்தது. பெரிய பானையில் தேயிலை, சர்க்கரை, பால் எல்லாம் ஒன்றாகப் போட்டுப் பொங்கப் பொங்கக் காய்ச்சினாள். சிலாந்தோய் ஒரு பெரிய குவளை நிறையக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்து, "அம்மா, இப்பத்தான் உயிரே வந்துச்சு" என்றாள். குழந்தையும் அன்றைக்கு வயிறு நிறைந்து தூங்கியது. சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லி அனுப்பினார்கள். பர்முவாத் மூன்று குவளை குடித்தார். அதற்கும் மேலே, அலுவலகத்திலிருந்து யாராவது வரட்டும் என்று காத்திருந்தார். யானை விஷயத்தில் வார்டன் சொன்னது அவருக்கு வரி விடாமல் நினைவிருந்தது. அதைத் திருப்பிச் சொல்லப் போகிற சந்தோஷத்தில் அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்தார்கள். முன்னால் வார்டனின் வண்டி, பின்னால் பயணிகளோடு ஏழெட்டு விடுதி வண்டிகள், கடைசியில் ஒரு லாரி. வார்டன் இறங்கினார். பர்முவாத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், விலங்கு கல்லுக்கு உள்ள இருக்கிற வரைக்கும்தான் உங்க விலங்கு. வெளிய வந்துட்டா அது சுதந்திரமான விலங்கு. அலுவலகம் பொறுப்பில்ல. நீங்க சொன்னதுதான்."

"நூத்துக்கு நூறு சரி" என்றார் வார்டன். "ஞாபகம் வச்சிருக்கீங்களே, சந்தோஷம். ஆனா அது சாதாரண விலங்குக்கு. மணிக்கழுத்து அபூர்வப் பட்டியல்ல இருக்கு. அபூர்வ விலங்கு எங்க படுத்துத் தூங்குதோ அதுதான் அதோட வாழிடம். வாழிடம் எதுவோ அதுதான் பூங்கா. இது உங்களுக்கு எவ்வளவு பெரிய பெருமை தெரியுமா?"

லாரியிலிருந்து ஆட்கள் வெள்ளைக் கற்களை இறக்கினார்கள். பட்டியின் முன்னால் இருந்த கற்களைப் பிடுங்கினார்கள். குடிசைகளுக்குப் பின்னால், கோழிக்கூண்டு இருந்த இடத்தையும் தாண்டிக் கொண்டுபோய் நட்டார்கள். பர்முவாத்துக்கு முதலில் ஒன்றுமே பிடிபடவில்லை. இருந்த இடத்தைவிட்டு அவர் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் பூங்காவுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

வார்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பெரியவரே, உங்க வண்டி எங்க?"

"என்ன வண்டி?"

"பூங்காவுக்குள்ள வண்டி இல்லாம யாரும் நடமாடக் கூடாதே. நீங்க இப்ப கால் தரைல பட நிக்கறீங்க. குற்றம். உங்க வீட்டம்மா நிக்கறதும் குற்றம். உள்ள படுத்திருக்கிற பொண்ணு இறங்கினா அதுவும் குற்றம். வண்டி வச்சுக்குங்க, இல்ல காலி பண்ணுங்க. மாடு... எருமை இங்கேயே இருக்கட்டும். அதை நாங்க பாத்துக்கறோம்."

பர்முவாத் வரி விடாமல் மனப்பாடம் பண்ணியதெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. இதற்கு மேல் எந்த வாசலில் போய் நிற்பது, எந்தத் திரைச்சீலையோடு பேசுவது என்று தெரியாமல் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நாசியேகு பட்டியிலிருந்து வந்தாள். ஒரு கையில் பால் குடுவை, இன்னொரு கையில் மாடு ஓட்டுகிற கம்பு.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். பூங்காவுக்குள்ள வண்டி இல்லாம யாரு நடக்கலாம்?"

"விலங்குங்க மட்டும்தான்மா."

"விலங்கு யாரையாவது முட்டினா?"

"விலங்குன்னா முட்டத்தான் செய்யும்."

"மிதிச்சா?"

"மிதிக்கும். அதையெல்லாம் கேள்வி கேக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது."

"உங்களுக்கு?"

"எனக்கே கிடையாது" என்றார் வார்டன், பழைய பெருமையோடு.

நாசியேகு குடுவையைப் பத்திரமாகக் கணவர் கையில் கொடுத்தாள். "அப்ப எங்களையும் விலங்குல சேத்துக்குங்க" என்றாள். கம்பைத் தூக்கினாள்.

முதல் அடி வார்டனின் தொப்பியில் விழுந்தது. இரண்டாவது விழுவதற்குள் அவர் ஓட ஆரம்பித்திருந்தார். அந்தப் பூங்காவில் அவர் இவ்வளவு தூரம் நடந்துகூட யாரும் பார்த்ததில்லை. பர்முவாத் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு குடுவையைக் கீழே வைத்துவிட்டு, எகிறிக் குதித்து, அவரும் துரத்தினார். கெரியும் என்னவோ விஷயம் என்று எழுந்து மணியடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வார்டன் வண்டிக்குள் பாய்ந்து, கதவை அடைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நாசியேகு கண்ணாடிக்கு வெளியே நின்று அவரை உற்றுப் பார்த்தாள். விடுதி வண்டிகளிலிருந்து கேமராக்கள் பொரிந்தன.

கியோகோ ரேடியோவை எடுத்தான். "எல்லா வண்டிக்கும். பட்டிப் பக்கம் புதுசா ரெண்டு தட்டுப்பட்டிருக்கு. பெண் ஒண்ணு, ஆண் ஒண்ணு. பெண்ணுதான் ரொம்ப ஆபத்து. சீக்கிரம் வாங்க."

வார்டனின் ஒலிபெருக்கி கரகரத்தது. பழக்கதோஷத்தில் அவர் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான். "யாரும் வண்டியைவிட்டு இறங்காதீர்கள். விலங்குகளைத் தொந்தரவு செய்யாதீர்கள்."

நாசியேகு திரும்பி வந்து கெரியின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தாள். பர்முவாத் பக்கத்தில் நின்று கன்றைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் வண்டிகள் மூச்சுக்கூட விடாமல் தள்ளியே நின்றன. ஒரு கிழவர் தும்மப் போனபோது பக்கத்திலிருந்தவர் வாயைப் பொத்தினார். அத்தனை வருஷத்தில் அந்தப் பூங்காவைச் சேர்ந்த யாரும், மனுஷனாக இருந்த பர்முவாத்துக்கு, இப்படி ஒதுங்கி வழிவிட்டதே இல்லை.